ஐந்து பெயர்கள், எனக்குத் தெரியாத ஐந்து பேர்

2013 நவம்பர் 14 அன்று, ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், பிபிசி ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்தில் தோன்றி மறைந்துபோன பால் மெக்கான், பதினேழு ஆண்டுகள் கழித்து எட்டாவது டாக்டராக அதில் திரும்பி வந்தார். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வந்த ஏழு நிமிடத்துக்குள் அவருடைய கதையும் முடிந்துவிட்டது. தன்னை வேறொருவனாக மாற்றப்போகும் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி, குடிப்பதற்கு முன்னால், தன்னோடு பயணம் செய்தவர்களுக்கு அவர் வணக்கம் சொல்கிறார்: சார்லி, கெரிஸ், லூசி, டாம்சின், மாலி.

அன்று அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஐவரில் ஒருவரைக்கூடத் தெரியாது. 2005-இல் தொடர் புத்துயிர் பெற்ற நாளிலிருந்து ஓர் அத்தியாயத்தையும் தவறவிடாதவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. பழைய தொடரிலும் கிடைத்ததையெல்லாம் தேடிப் பார்த்திருந்தேன். அப்படியிருந்தும், சாகும் தறுவாயில் ஒரு மனிதன் உருகிச் சொல்லும் பெயர்கள் எனக்கு வெறும் ஒலிகளாகவே கேட்டன. தேடியபோதுதான் தெரிந்தது, இந்த ஐவரும் திரையில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அவர்கள் பிறந்தது, பயணம் செய்தது, சிலர் மாண்டது, எல்லாமே ஒலிநாடகங்களில். நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பெரிய வீட்டின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அன்றிரவு புரிந்தது. அந்த வீட்டுக்குள் இந்தப் பல ஆண்டுகளில் நான் கண்டதை, சரியாகச் சொன்னால் கேட்டதை, எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

தொடரை அறியாதவர்களுக்காக இரண்டு வரிகள். டாக்டர் என்பவர் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் வேற்றுலகவாசி. அவருடைய ஊர்தியான டார்டிஸ் வெளியில் நீல நிறக் காவல் பெட்டியாகவும் உள்ளே எல்லையற்ற அறைகளாகவும் இருக்கும். உயிர் போகும் நிலை வந்தால் அவர் உடல் முற்றிலும் வேறொன்றாக மாறிவிடும். முகமும் குணமும் மாறும், நினைவு மட்டும் தொடரும். இந்த ஏற்பாட்டின் தயவில்தான் 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய தொடர் நடிகர்களை மாற்றி மாற்றி 1989 வரை இடைவிடாமல் ஓடியது என்று எழுத வந்தேன். ஆனால் 1985-இல் தொடங்கிய பதினெட்டு மாத இடைவெளி ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

1989 டிசம்பரில் தொடர் நின்றுபோயிற்று. 1996-இல் மெக்கான் நடித்த திரைப்படத்தை பிரிட்டனில் தொண்ணூறு இலட்சம் பேர் பார்த்தும், அமெரிக்காவில் போதிய வரவேற்பு இல்லாததால் அதன் தொடர்ச்சி கைவிடப்பட்டது. இனி டாக்டர் திரையில் வரப்போவதில்லை என்று ஏறக்குறைய எல்லோரும் முடிவுகட்டிவிட்ட அந்த இடைவெளியில்தான் பிக் ஃபினிஷ் என்ற சிறிய நிறுவனம் ஒலிநாடகங்களைக் கையில் எடுத்தது. டாக்டரை நாடகமாக்கும் உரிமை முதலில் அதனிடம் இல்லை. ஆகவே 1998-இல் அது தொட்டது ஒரு கிளைக்கதையை: ‘டாக்டர் ஹூ’ நாவல்களில் பிறந்த பெர்னீஸ் சம்மர்ஃபீல்ட் என்ற தொல்லியலாளரின் சாகசங்களை, லீசா போவர்மனின் குரலில். அது கைகூடிய பிறகே பிபிசியின் உரிமம் வந்தது. 1999 ஜூலையில் பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் ஆகிய மூன்று டாக்டர்களும் ஒன்றுசேர்ந்த முதல் நாடகம் வெளியாயிற்று. கிளை முதலில் துளிர்த்து மரம் பிறகு வளர்ந்த விந்தை இது.

இதைச் செய்தவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். முதல் நாடகத்தை எழுதி இயக்கிய நிக்கோலஸ் பிரிக்ஸும் அவருடைய நண்பர்களும் 1980-களிலேயே, எந்த உரிமமும் இல்லாமல், தங்கள் சொந்த ஆசைக்காக ‘டாக்டர் ஹூ’ நாடகங்களை ஒலிநாடாவில் பதிவு செய்து ரசிகர்களிடையே பகிர்ந்தவர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் டாக்டராக நடித்ததும் பிரிக்ஸ்தான். அதே பிரிக்ஸ் 2005 முதல் தொலைக்காட்சித் தொடரில், டாக்டரின் பரம எதிரிகளான, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளின் குரலாக இருக்கிறார் என்பதை அறிந்தபோது, ரசிகன் என்ற சொல்லின் மீது எனக்கு இருந்த இளப்பம் கொஞ்சம் குறைந்தது.

உண்மையில் இந்தத் தொடரின் ரசிகர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்பவர்கள். 1960-களில் ஒளிபரப்பான பல அத்தியாயங்களின் நாடாக்களை பிபிசி பிற்பாடு அழித்துவிட்டது. 90-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தொலைக்காட்சியின் ஒலியைப் பிடித்துவைத்த சில சிறுவர்களும் இளைஞர்களும்தான் காரணம். தொடரின் அடையாளங்களும் கண்ணைவிடக் காதுக்கே நெருக்கமானவை. ரான் கிரெய்னர் எழுதிய முகப்பிசையை பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் டீலியா டெர்பிஷைர் நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டியே உருவாக்கினார். டார்டிஸ் கிளம்பும்போதும் இறங்கும்போதும் எழும் அந்த இரைப்பொலி, பழைய பியானோ ஒன்றின் தந்திகளில் பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டுச் சாவியை இழுத்துத் தேய்த்ததில் பிறந்தது. அட்டைச் சுவர்களையும் ரப்பர் பூதங்களையும் கண்டு சிரித்தவர்கள் யாரும் அந்த ஒலியைக் கேட்டுச் சிரித்ததில்லை. ஆகவே படம் இல்லாமல் ஒலி மட்டும் என்றபோது, தொடரின் வலுவான பாதி அப்படியே எஞ்சியது. இளைத்துப்போன பாதிதான் கழன்று விழுந்தது.

நான் கேட்ட முதல் நாடகம் 2001 ஜனவரியில் வெளியான ‘ஸ்டார்ம் வார்னிங்’, அதாவது மெக்கானின் முதல் ஒலிநாடகம். ஆர்101 என்ற பிரிட்டிஷ் வான்கப்பல் 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் மோதி எரிந்தது வரலாறு. அந்தக் கப்பலில் ஆண் வேடமிட்டு ஒளிந்து ஏறிய சார்லி போலார்ட் என்ற துடுக்குப் பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். அவளோ அன்று இறந்திருக்க வேண்டியவள். அந்த ஒரு கருணையின் விலை அடுத்தடுத்த நாடகங்களில் வட்டி போட்டு வளர்கிறது. இந்தியா ஃபிஷரின் குரலில் சார்லி பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது; யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. பின்னாளில் நாடகத்தின் உறையில் நடிகையின் படத்தைப் பார்த்தபோது, அறிமுகமானவரின் வீட்டில் வேறு யாரோ கதவைத் திறந்ததுபோல் ஒரு திகைப்பு. அன்றிலிருந்து உறையைப் பார்க்காமலேயே நாடகத்தைக் கேட்பது என் வழக்கம். பூதம் எது என்பதையும் உறையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கூடுதல் காரணம்.

இந்த இணையின் நாடகங்களில் இரண்டை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். இரண்டும் ராபர்ட் ஷியர்மன் எழுதியவை. 2002-இல் வந்த ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ எட்வர்டிய காலத்து மாளிகை ஒன்றின் வேலைக்காரர் பகுதியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நடக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலைக்காரர் கொல்லப்படுகிறார். கடிகாரம் திரும்பிச் செல்கிறது. மீண்டும் எல்லோரும் அதே சொற்களைப் பேசுகிறார்கள். அந்த வீட்டில் யாருக்கும் பொருட்டில்லாத, தான் ஒன்றுமில்லாதவள் என்று தானே நம்பிவிட்ட கடைநிலைப் பணிப்பெண் ஒருத்தி இருக்கிறாள். கதையின் மையம் அவள்தான் என்பது மெதுவாகத் துலங்குகிறது. திரையில் இதே கதையை எடுத்திருந்தால் கேமரா தன்னையறியாமல் அவளைச் சுட்டிக்காட்டியிருக்கும். ஒலியில் அவள் பேசினால்தான் இருக்கிறாள், பேசாவிட்டால் இல்லை. யாரும் அவளைக் கவனிப்பதில்லை என்ற குற்றத்தில் கேட்கும் நாமும் கூட்டாளிகளாகிவிடுகிறோம்.

மற்றொன்று 2003-இல் வந்த ‘ஷெர்ட்ஸோ’. அதில் நடிகர்கள் இருவரே, மெக்கானும் ஃபிஷரும். கண்ணைக் குருடாக்கும் வெண்மையில், புலன்கள் ஒவ்வொன்றாக மங்கிப்போகும் ஓரிடத்தில் இருவரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஒலியையே உடலாகக் கொண்ட ஏதோ ஒன்று அவர்களோடு வருகிறது. காதைத் தவிர வேறு வழியில்லாத இரு மனிதர்களின் கதையை, காதைத் தவிர வேறு வழியில்லாத நாம் கேட்கிறோம். முதன்முறை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். இரண்டாம் முறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மெக்கானுக்கு நடந்தது இழப்பு என்றால், காலின் பேக்கருக்கு நடந்ததை அநீதி என்றே சொல்ல வேண்டும். 1984-இல் ஆறாவது டாக்டரானவர் அவர். கதைகள் கரடுமுரடாக எழுதப்பட்டன. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஒட்டுப்போட்ட ஒரு கோட்டை அவருக்கு மாட்டிவிட்டார்கள். தொடர் பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, 1986-இல் திரும்பி, அந்த ஆண்டின் இறுதியில் அவர் நீக்கப்பட்டார். உருமாறும் காட்சியில் மட்டும் வந்து நடித்துக்கொடுக்க அவர் மறுத்துவிட்டதால், 1987-இல் சில்வெஸ்டர் மெக்காயே பொன்னிறப் பொய்முடியை அணிந்து தரையில் படுத்து, அவராகவும் தாமாகவும் நடிக்க வேண்டியதாயிற்று. தொடரின் வரலாற்றில் இதைவிட மரியாதை குறைந்த வழியனுப்பு வேறில்லை.

ஒலிநாடகத்தில் அந்தக் கோட்டு தெரியாது. அதுவே பாதி விடுதலை. மறுபாதியைக் கொடுத்தவர் மேகி ஸ்டேபிள்ஸ். 2000-இல் ‘தி மேரியன் கான்ஸ்பிரசி’ நாடகத்தில் அவர் ஏற்ற எவ்லின் ஸ்மைத், ஐம்பத்தைந்து வயது வரலாற்றுப் பேராசிரியர். டாக்டரின் துணைப்பயணி என்றால் இருபது வயதுப் பெண், அவள் ஓடுவாள், கத்துவாள், கேள்வி கேட்பாள் என்ற தொலைக்காட்சி வாய்பாட்டை அவர் ஒரே நாடகத்தில் கலைத்துப்போட்டார். மாணவர்களின் சாக்குப்போக்குகளை வாழ்நாளெல்லாம் கேட்டு அலுத்தவர், டாக்டரின் தற்பெருமையை மட்டும் எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? அவர் அதட்ட, டாக்டர் அடங்கினார். அடங்கியபோதுதான் அந்த ஆரவாரத்துக்கு உள்ளே எவ்வளவு மென்மையான மனிதர் இருந்தார் என்பது வெளிப்பட்டது. பேக்கருக்கு அந்தத் திறமை 1985-லும் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இருவரும் சேர்ந்த நாடகங்களில் என் தேர்வு 2003-இல் ஜாக்குலின் ரெய்னர் எழுதிய ‘டாக்டர் ஹூ அண்ட் தி பைரேட்ஸ்’. ஓர் இரவில் எவ்லின் தம் மாணவி ஒருத்தியின் அறைக்குள் அழையா விருந்தாளியாக நுழைந்து, கடற்கொள்ளையர் கதை ஒன்றை அளக்கத் தொடங்குகிறார். கதை கோமாளித்தனமாக இருக்கிறது. பாத்திரங்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். விவரங்கள் நடுவில் மாறுகின்றன. மாணவிக்கு எரிச்சல், கேட்கும் நமக்கும் குழப்பம். மூன்றாம் பாகத்தில் டாக்டர் வந்து சேர்ந்துகொண்டு, கில்பர்ட் அண்ட் சல்லிவன் இசை நாடகங்களின் மெட்டுகளில் கதையைப் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிடுகிறார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். இவர்கள் ஏன் இத்தனை பாடுபட்டு இந்தப் பெண்ணை இரவு முழுவதும் விழித்திருக்க வைக்கிறார்கள், அவளைத் தனியே விடக்கூடாது என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது விளங்கியபோது சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகான நாலாம் பாகத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

இந்த நாடகங்களில் கிடைக்கும் இன்பத்தின் வேர் எதுவென்று யோசித்துப் பார்த்ததுண்டு. குரலுக்கு வயது மெதுவாகவே ஆகிறது என்ற உடலியல் உண்மை அதில் ஒரு பகுதி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பீட்டர் டேவிசனைக் கேமராவுக்கு முன் நிறுத்தி அதே இளம் டாக்டர் என்று நம்பச் சொன்னால் நம்ப முடியாது. ஒலிவாங்கிக்கு முன் நிறுத்தினால் நம்பிவிடலாம். ஆனால் அது வசதிதானே ஒழிய இன்பமாகாது. தொலைக்காட்சி தன் பணம், நேரம், நிர்வாகச் சண்டை ஆகியவற்றின் காரணமாக யார் யாருக்கு உரியதைக் கொடுக்காமல் விட்டதோ, அவர்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் செலுத்தப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் நிறைவையே நான் இன்பம் என்கிறேன். ஒரே படத்தோடு முடிந்திருக்க வேண்டிய மெக்கான் இன்று எல்லா டாக்டர்களிலும் நீண்ட வாழ்க்கை வாழ்ந்தவர்களில் ஒருவர். ஜான் ஹர்ட் 2013-இல் திரையில் போர்க்கால டாக்டராக வந்தபோது, இப்படியொரு நடிகரை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்தினார்களே என்று அங்கலாய்த்தவர்களுக்கு, 2015 முதல் நான்கு தொகுப்புகளில் பன்னிரண்டு கதைகள் கிடைத்தன. கடைசித் தொகுப்பு 2017-இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

இறந்தவர்களின் இடத்தை நிரப்புவதில்தான் எனக்கு இரு மனம். முதல் மூன்று டாக்டர்களும் ஒலிநாடகங்கள் தொடங்கும் முன்பே காலமாகிவிட்டார்கள். அதனால் 2007-இல் ‘கம்பேனியன் க்ரானிக்கிள்ஸ்’ வரிசை, துணைப்பயணியே பழைய நினைவைச் சொல்வதுபோல், பாதி கதைசொல்லலும் பாதி நாடகமுமாக அமைக்கப்பட்டது. இரண்டாவது டாக்டரின் துணைப்பயணி ஜேமியாக நடித்த ஃபிரேசர் ஹைன்ஸ் நடுவே பாட்ரிக் டிரவ்டனின் குரலில் இரண்டாவது டாக்டராகப் பேசுவார். அது போலிக்குரல் போலப் படாது; இறந்துபோன நண்பரின் பேச்சை நினைவுகூரும்போது நம் குரலும் கொஞ்சம் அவருடையதாகிவிடுமே, அப்படி இருக்கும். வேறு நடிகர்களைக் கொண்டு பழைய டாக்டர்களை முழு நாடகத்துக்கும் மறுபடி உருவாக்குவது பிற்பாடு வழக்கமானது. டிம் ட்ரெலோர் மூன்றாவது டாக்டரை நன்றாகவே செய்கிறார். ஆனாலும் எனக்கு ஹைன்ஸின் வழியே பிடித்திருக்கிறது. அங்கே இல்லாதவர் இல்லாதவராகவே இருக்கிறார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். ஒலிநாடகத்தின் தீராத நோய், கண்ணால் பார்ப்பதை வாயால் அறிவிக்கும் வசனம். துப்பாக்கியை நீட்டும் எதிரியைப் பார்த்து, உன் வலது கையில் உள்ள அந்தத் துப்பாக்கியைக் கீழே போடு என்று உலகில் யாரும் சொல்வதில்லை, இங்கே சொல்கிறார்கள். நல்ல எழுத்தாளர்கள் இதைப் பயத்துக்குள்ளோ சண்டைக்குள்ளோ ஒளித்துவிடுவார்கள். மற்றவர்களின் நாடகங்களில் பூதத்துக்கு எத்தனை கால் என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும், பயம் மட்டும் வராது. நாற்பதாம் ஆண்டுக்காக 2003-இல் வெளியிட்ட ‘ஸாக்ரியஸ்’ மூன்று குறுந்தகடுகளில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடுகிறது. மூன்று முறை முயன்று இரண்டு முறை தூங்கியிருக்கிறேன். இன்னொரு குறை அளவு. 1999-இல் தொடங்கிய மாதாந்திர வரிசை மட்டுமே 2021-இல் முடியும்போது 275 வெளியீடுகளை எட்டியிருந்தது. கிளைத்தொடர்கள் அதற்கு வெளியே. திரையில் ஒரு காட்சியில் வந்துபோனவருக்கும் தனித்தொகுப்பு, அவருடைய பகைவருக்கு இன்னொரு தொகுப்பு, இருவரும் சந்திக்கும் மூன்றாவது தொகுப்பு என்று போனால், விட்டுப்போனதை ஈடுசெய்வது என்ற நியாயம் நீர்த்துவிடுகிறது. எல்லா இடைவெளியையும் நிரப்பத்தான் வேண்டுமா என்று சில உறைகளைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றுகிறது.

இவை அதிகாரபூர்வமான கதைகளா, நடந்தவையாகக் கணக்கில் கொள்ளலாமா என்ற வாதம் ரசிகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் ஆர்வமில்லை. தொலைக்காட்சியே இவற்றைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். ஷியர்மனின் ‘ஜூபிலி’யில், லண்டன் கோபுரத்தில் சங்கிலியிட்டு வைக்கப்பட்ட ஒற்றை டாலெக்கிடம் எவ்லின் பேசுகிறார், அந்தக் கருவிலிருந்து வளர்ந்ததுதான் 2005-இல் ஷியர்மனே எழுதிய ‘டாலெக்’ அத்தியாயம், புதிய தொடரில் அந்த இனத்தின் முதல் வருகை. மார்க் பிளாட்டின் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ 2002-இல் வெளியானது. அதில் சைபர்மேனாக, அதாவது உணர்ச்சியற்ற இயந்திர மனிதனாக, மாற்றப்படும் பாதியில் ஓர் இளம்பெண் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். குரல் இயந்திரத்துடையது, சொல்லத் தவிக்கும் செய்தி மகளுடையது. தகப்பனுக்கு அது பிடிபடும் கணத்துக்கு ஈடாக, பின்னால் 2006-இல் சைபர்மேன்களின் தோற்றத்தைத் திரையில் காட்டிய அத்தியாயங்களில் எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. அந்த அத்தியாயத்தின் முடிவில் பிளாட்டுக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.

இன்னொரு நடமாட்டமும் உண்டு. 2001-இல் ‘கோல்டிட்ஸ்’ என்ற நாடகத்தில் நாஜி அதிகாரியாக ஓர் இளம் நடிகர் வருவார். இந்தத் தொடரைப் பார்த்தே நடிகனாக ஆசைப்பட்டவர். கிடைத்த சிறு வேடங்களையெல்லாம் இந்த ஒலிநாடகங்களில் ஏற்று நடித்தவர். பெயர் டேவிட் டெனன்ட். பத்தாவது டாக்டராகப் புகழின் உச்சிக்குப் போய்த் திரும்பி, 2016-இல், திரையில் தம் துணைப்பயணியாக நடித்த கேத்தரின் டேட்டுடன் அதே ஒலிக்கூடத்துக்கு டாக்டராகவே வந்தார். ஆளுக்கொரு கண்ணாடிச் சிற்றறையில் நின்று, எதிரே இருப்பவரின் முகத்தைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு அவர்கள் நடிக்கிறார்கள் என்பதை நாடகத்துக்குப் பின்னால் சேர்க்கப்படும் பேட்டிகளில் அறியலாம். அந்தப் பேட்டிகளில் ஏறத்தாழ எல்லா நடிகர்களும் ஒலிப்பதிவு நாளின் மதிய உணவைப் புகழ்வார்கள். இது ரசிகர்களிடையே பெரிய கேலிப்பொருள். நான் பேட்டிகளைத் தவறாமல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளைத்தொடர்களில், டாக்டரின் பழைய துணைப்பயணிகளான ரொமானாவும் லீலாவும் சேரும் ‘கேலிஃப்ரே’ அரசியல் சூழ்ச்சிகளுக்காகவும், ‘டாலெக் எம்பயர்’ டாக்டரே இல்லாமல் டாலெக்குகளை நிமிர்ந்து நிற்கவைத்ததற்காகவும் கேட்கத் தகுந்தவை. ஆனால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னால், யோசிக்காமல் ‘ஜாகோ அண்ட் லைட்ஃபுட்’டை எடுத்துக்கொள்வேன்.

இதன் வேர் 1977-இல் ஒளிபரப்பான, ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்’ என்ற ஆறு பாகக் கதை. விக்டோரிய லண்டனின் மூடுபனியும் கேளிக்கை அரங்குமாக நடக்கும் அந்தக் கதையைப் பழைய தொடரின் சிகரங்களில் ஒன்றாகச் சொல்வார்கள்; சீன மந்திரவாதி வேடத்தில் வெள்ளை நடிகர் ஒருவருக்கு முகப்பூச்சுப் பூசி நடிக்கவைத்த கூச்சத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் இரண்டு துணைப்பாத்திரங்கள். அரங்க உரிமையாளர் ஹென்றி கார்டன் ஜாகோ வாயைத் திறந்தால் மோனை கொட்டும். ஒரே எழுத்தில் தொடங்கும் ஐந்து அடைமொழிகளை அடுக்காமல் அவரால் விருந்தினரை வரவேற்க முடியாது. வீரம் பேசுவார், ஆபத்து வந்தால் முழங்கால் நடுங்கும். பேராசிரியர் ஜார்ஜ் லைட்ஃபுட் பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர், மேட்டுக்குடிக் கனவான், வார்த்தையை எண்ணிப் பேசுபவர். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகள் கதையின் பிற்பகுதியில் மட்டுமே, அதுவும் கொஞ்ச நேரம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்தவர்கள் முப்பது ஆண்டுகளாக மறக்கவில்லை.

2009-இல் இருவரையும் வைத்து ஒற்றை நாடகம் ஒன்று பரிசோதனையாக வந்தது. 2010-இல் தொடராயிற்று. கிறிஸ்டோபர் பெஞ்சமினும் ட்ரெவர் பாக்ஸ்டரும் அப்போது எழுபதைத் தாண்டியவர்கள். முதுமை குரல்களில் ஒரு கரகரப்பைச் சேர்த்திருந்தது, அது பாத்திரங்களுக்கு இன்னும் பொருந்தியது. மதுக்கடைப் பணிப்பெண் எல்லியாக நடித்து, நாடகங்களை இயக்கவும் செய்தவர் லீசா போவர்மன், 1998-இல் இந்த மொத்தக் கதையும் யாருடைய குரலில் தொடங்கியதோ அவரே. ஒவ்வொரு நாடகத்திலும் ஏதோ ஓர் அமானுஷ்யம் லண்டனைத் தாக்கும். இரு கிழவர்களும் மதுக்கோப்பையோடு தொடங்கி மதுக்கோப்பையோடு முடிப்பார்கள். என் நினைவில் நிற்பவை பூதங்கள் அல்ல. தோல்வியும் கடனுமாக இருக்கும் ஜாகோ அதை மறைக்க மோனையைக் கூட்டிக்கொண்டே போவதும், லைட்ஃபுட் அதைக் கண்டுகொண்டும் கேட்காமல் இன்னொரு கோப்பைக்குச் சொல்லியனுப்புவதும்தான் நிற்கின்றன. நட்பைப் பற்றி நான் கேட்ட நாடகங்களில் இதற்கு மேலானது இல்லை.

பதின்மூன்று தொடர்கள் ஓடிய பிறகு, 2017 ஜூலையில் பாக்ஸ்டர் காலமானார். லைட்ஃபுட்டுக்கு வேறு நடிகரைத் தேடாமல், 2018-இல் ஒரே ஒரு விடைபெறும் நாடகத்தோடு முடித்துக்கொண்டார்கள். அதில் லைட்ஃபுட்டைக் காணவில்லை. ஜாகோ நண்பனைத் தேடி அலைகிறார். நடுவே பழைய பதிவுகளிலிருந்து எடுத்த பாக்ஸ்டரின் குரல் வரும்.

அதைக் கேட்டு முடித்த வாரத்தில் 1977-இன் அந்தத் தொலைக்காட்சிக் கதையைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். முதல் நான்கு பாகங்களில் ஜாகோ தம் அரங்கத்தில் இருக்கிறார், லைட்ஃபுட் தம் பிணவறையிலும் வீட்டிலும் இருக்கிறார். இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை. ஐந்தாம் பாகத்தில், ஜாகோ லைட்ஃபுட்டின் வீட்டுக்கு வருகிற இடத்தில், முன்பின் அறியாத இரண்டு பேர் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். 1977-இல் அதைப் பார்த்தவர்களுக்கு அது கதையை நகர்த்தும் ஒரு சிறு காட்சி. எனக்கு அந்த இடத்தில் படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.